சிவப்பு மீடியம்

ஜூன் 23, செவ்வாய்

இல்லை, சாகவில்லை. செத்திருந்தால்கூட அது ஒரு பதில். ஈஸ்ட்ரோஜன் விட்ட தட்டில் கண் செல்கள் நன்றாக வளர்கின்றன. விடாத தட்டிலும் அதே வளர்ச்சி. மூன்றாவது முறை.

மழை. மும்பை மழைதான்; தாதர் ஸ்டேஷனில் ரயில் அரை மணி நின்றது.

கைடு மேடம் குரல் உயர்த்தவில்லை. திங்களுக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் ஆராய்ச்சிக்கு வேறு கேள்வி எடுக்கவேண்டும். மிச்சம்: தானமாக வந்த கருவிழியின் செல்கள், உறைபெட்டியில் ஒரே குழாய்.

வீட்டில் அம்மா, தையல் மிஷினிலிருந்தே: "ஏட்டி, அந்தச் சொட்டு மருந்த எடு. கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்ல இருக்கு." மாதவிலக்கு நின்றதிலிருந்து இப்படி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததாலா? என் கேள்வி பிறந்தது அங்கேதான். மேடத்திடம் சொன்னதில்லை.

24, புதன்

பக்கத்துப் புற்றுநோய் லேபின் கல்பனா, மும்பை மாட்டுங்காவிலேயே வளர்ந்த தமிழ்க்காரி. கையுறை கேட்டு வந்தவள் என் தட்டுகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஈஸ்ட்ரோஜனுக்குப் போய் லால்வாலா, இந்தச் சிவப்பு மீடியமா? பாகல் ஆயிட்டியா, பைத்தியமா? அந்தச் சாயமே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை பண்ணுமே!"

"எங்க லேப்ல எல்லாரும் இதத்தான் ஊத்துதோம்."

"எங்க லேப்ல முதல் நாளே திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்துடுவா."

செல்கள் வளரும் இந்தத் திரவம் கெட்டால் சிவப்பு மஞ்சளாகும்; அந்த வசதிக்காகச் சாயம். ஆக, ஹார்மோன் இல்லாத தட்டு என்று ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை.

வெட்கம். உடனே, வெட்கத்தைவிடப் பெரிய சந்தோஷம்.

அவளிடம் வாங்கியவை: நிறமில்லாத மீடியம். கரியால் ஹார்மோன் நீக்கிய சீரம், அதாவது செல்களுக்கு ஊட்டும் ரத்தத் தெளிநீர். கடைசிக் குழாயைத் திறந்தேன். செல்களைப் புதுத் தட்டுகளில் பிரித்து ஊற்றினேன்.

26, வெள்ளி

செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டன. பாதித் தட்டுகளுக்கு நேற்றே ஹார்மோன். நிறம் இல்லாததால் கெட்டாலும் தெரியாது, மீடியத்தைத் தினமும் மாற்றுகிறேன்.

"நாயித்துக்கெழமையுமா போவ?"

"செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும்மா."

"எனக்கு ஒரு சொட்டு ஊத்த ஆளில்ல. அதுகளுக்குத் தெனமும் விருந்து."

29, திங்கள்

எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் கல்பனாவை எண்ணவைத்தேன். பிறகு நானும். ஹார்மோன் விட்டதில் அதிகம். விடாததில் குறைவு. இருவருக்கும் அதே.

மேடம் எண்ணிக்கையை இரண்டு முறை படித்தார். ஒரு தடவை வந்ததை நம்பாதே, என்றார். பிறகு: கேள்வியை வைத்துக்கொள்.

கண் வங்கிக்கு அடுத்த கருவிழி கேட்டு மெயில் அனுப்பினேன். நிறமில்லாத மீடியத்துக்கு ஆர்டர் படிவம் நிரப்பி அவர் மேசையில் வைத்தேன்.