நார்த்தங்காய் பேல் ஏலுக்கு இரண்டரை மார்க்

ஆகஸ்ட் 8, வெள்ளி

புழுக்கம். கல்லூரி விடைத்தாள் ஒரு கட்டு, தொடவில்லை. மாலையில் சாம். மனைவி லீனாவின் தம்பி. ஒரகடத்துக் கார் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் நண்பனோடு பியர் காய்ச்சுகிறான். நார்த்தங்காய்த் தோல் போட்ட பேல் ஏல் வகை பியர், முதல் சரக்கு. எங்களுக்கு இரண்டு பாட்டில். செக்போஸ்ட்டுக்குப் பயந்து கருவாட்டுப் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தானாம்.

"நெட்ல ஒருத்தன் பியருக்கு மார்க் போடுறான் அத்தான். பேரு தாகசாந்தி. பாண்டில ஒரே ஒரு பார்லதான் எங்க சரக்கு இருக்கு. அந்தாள் அஞ்சுக்கு மூணரை போட்டாத்தான் மறுபடி வாங்குவேன்னு ஓனர் சொல்லிட்டார்."

"யாராம் அவன்?"

"யாரோ வேலைவெட்டி இல்லாதவன்."

தாகசாந்தி நான்தான். லீனாவுக்கே தெரியாது. திருச்சபைக் கமிட்டியில் இருப்பவன் சொந்தப் பெயரில் பியர் குடிக்க முடியாது.

ஆக. 9, சனி

லீனா பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போனதும் பாட்டிலைத் திறந்தேன்.

நிறம்: நன்று.
நுரை: வந்தது, நிற்கவில்லை.
கசப்பு: இருக்கிறது, கூச்சப்படுகிறது.
மணம்: கருவாடு. மறுபடி முகர்ந்தேன். கருவாடேதான்.

நான்கு போடலாம், மைத்துனன். போட்டால் இதுவரை மற்றவர்களுக்குப் போட்ட மார்க்கெல்லாம் பொய். இரண்டரை. 'கரையோர ஊரின் நேர்மையான கருவாட்டு மணம்' என்று எழுதிப் பதிவிட்டேன்.

ஆக. 10, ஞாயிறு

பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. மதியம் பிரியாணிக்கு சாம். போனைப் பார்த்து என் விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தான்.

"கருவாடா? உன் பியர்லயாடா?" என்றாள் லீனா.

சாம் சாப்பிடுவதை நிறுத்தினான். "பார்ல குடிச்சவனுக்கு அந்த நாத்தம் வராதுக்கா. கருவாட்டோட வந்தது இந்த வீட்டு பாட்டில் ரெண்டும்தான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பச்சடி போட்டுக்கொண்டேன்.

"கமிட்டி மெம்பர் பண்ற வேலையா இது?" லீனா. பிரியாணிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆக. 12, செவ்வாய்

தூறல். லீனா இன்னும் பேசவில்லை. சாம் மறுபடி வந்தான். இம்முறை பாட்டில் புதுத் துண்டில் சுற்றி, தனிப் பையில். "நியாயமா ஒரு தடவை குடிச்சுப் பாருங்க." அவனே ஊற்றினான். எதிரில் உட்கார்ந்தான்.

கருவாடு இல்லை. நார்த்தங்காயும் இல்லை.

"அக்காவுக்குப் பயந்து சொல்லாதீங்க அத்தான்."

"ரெண்டரைதான், சாம்."

என் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தான். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான்.

"நான் ரெண்டுதான் போட்டிருப்பேன்" என்றான்.

ஒரகடத்தில் அவன் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.