எல்லைக்கோட்டுக்குள் நீ

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ எழுவதற்குள் வேலைக்குக் கிளம்புகிறேன். சோறு மூடி வைத்திருக்கிறேன். சாவி ஆணியில்.

"உன் கண்ணுக்கு நான் தெரியவே மாட்டேனாண்ணே? எல்லாப் படத்துலயும் எனக்குப் பாதி முகந்தான்" என்று கேட்ட நீ, அப்புறம் என்னோடு பேசவில்லை. நான்கு நாளாக நான் ரேடியோவோடுதான் பேசுகிறேன்.

பழைய கேமராவை ரிப்பேர்காரரிடம் காட்டினேன். லென்ஸை மாட்டும்போது 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை நான் திருகியதே இல்லையாம். அதனால், கண் வைத்துப் பார்க்கும் துளைக்குள், படம் எதுவரை விழும் என்று காட்டும் எல்லைக்கோடு அகலமாகவே நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்குள் உன்னை முழுதாகத்தான் பார்த்தேன். ஆனால் ஃபிலிமில் ஓரம் விழவில்லை; ஓரத்தில் நின்ற நீ பாதிதான் விழுந்தாய். கேமரா மேசையில் இருக்கிறது, நீயே திருகிப் பார்.

இப்படிக்கு,
அண்ணன்

பி.கு.: "நடுவுல வந்து நில்லு" என்று உன்னை ஒருமுறையும் கூப்பிடாததற்குக் கேமரா பொறுப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரு. ஃபிலிமில் இன்னும் ஒரு படம் மிச்சமிருக்கிறது.