இல்லை என்றாவது எழுது

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், அங்கே உன் உடம்பும் மனசும் சுகமாக இருக்கட்டும். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் காது கேட்பதில்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, இனி தூங்குவதுதான் அவனுக்கு உத்தியோகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, "சாப்பிட்டேம்மா" என்று நீ சொல்கிற வேகத்திலேயே சாப்பிடவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இனி சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச்சு நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன். நேற்று பல்லு மாமாவைப் பார்த்தேன். நீ முதலில் வேலை பார்த்த செயற்கைப் பல் செய்யும் இடத்தை மூடிய பிறகு, அங்கே உன் பக்கத்து மேசைக்காரராக இருந்த அவர் இப்போது சூப்பர் மார்க்கெட்டில் டப்பாக்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார். உன் கம்பெனியில் இடம் இருக்குமா என்று அவர் உனக்குச் செய்தி அனுப்பியதையும், நீ கேட்டுப் பார்த்து இடம் இல்லை என்று மேனேஜர் சொன்னதையும் நீயே என்னிடம் சொன்னாய். "வெறுங்கையோட எப்படிம்மா பதில் சொல்றது, நல்ல சேதி வரட்டும்" என்றாய். நம் வீட்டுப் புத்தி அது, யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. ஆனால் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் அதே பல் செய்யும் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், உன்னை நம்பி வேண்டாம் என்றுவிட்டார். வேறு யாராவது பதில் போடாமல் இருந்தால் கிணற்றில் போட்ட கல் என்று விட்டிருப்பாராம். "அவ சும்மா இருக்க மாட்டா தங்கச்சி, சத்தமில்லன்னா காரியம் நடக்குதுன்னு அர்த்தம்" என்று என்னிடமே சொன்னார். உன் நல்ல பெயரே அவருக்கு வினையாகிவிட்டது. உன் கம்பெனி உன்னைப் பற்றி அவரிடம் விசாரித்து எழுதிய அன்று, கையிலிருந்த பல் அச்சு மாவைக்கூடக் கழுவாமல் பதில் போட்டு, போனெல்லாம் வெள்ளையாக்கிக்கொண்ட மனுஷர் அவர், நீதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பையில் போன் ஒலித்தது. அவசரமாக எடுத்துப் பார்த்தார், ஏதோ விளம்பரம். மேற்பார்வைக்காரன், தம்பியைவிட நாலு வயசு கூட இருப்பான், "எத்தனை வாட்டி சொல்றது, சைலண்ட்ல போட மாட்டீங்களா" என்று என் முன்னாலேயே கத்தினான். அவர் தலையை ஆட்டினார், ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை. என்னிடம் திரும்பி, "பாப்பா ஊர்ல இப்ப பகலா ராத்திரியா" என்று கேட்டார்.

நானே சொல்லியிருக்கலாம், ஆனால் அது உன் வாயிலிருந்து வர வேண்டியது. இல்லை என்பதும் பதில்தான் கண்ணு, கசந்தாலும் கேட்டவர் வேறு கதவைத் தட்டுவார். இனி யார் எது கேட்டாலும், பார்த்தேன், விசாரிக்கிறேன் என்று அன்றைக்கே ஒரு வரி போட்டுவிடு. திட்டுவதாக நினைக்காதே, உன் மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

நோய்நொடி இல்லாமல், நாலு பேர் வாழ்த்த நீ நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். எனக்குப் பதில் மெதுவாகப் போடு, முதலில் அவர் போன் ஒலிக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா