பிரிக்காத கட்டுக்குப் போட்ட கையெழுத்து

கிள்ளான்,
பங்குனி 9

தெய்வானைக்கு ராமசுப்பிரமணியன் எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அழகம்மையும் நலம் என்று உன் கடிதத்தில் கண்டேன். உன் தம்பி பழனியப்பனும் நலமாக வந்து சேர்ந்தான் என்று எழுதியிருக்கிறாய். அவன் நலத்துக்கு என்ன குறைச்சல்?

வைகாசியில் நம் மகள் அழகம்மை கலியாணம் முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது என்கிறாய். அவன் சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டான் என்கிறாய். முப்பத்திரண்டு வயதுச் சின்னப் பிள்ளை! என்ன செய்தான் என்று உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். நான் சொல்கிறேன்.

தை மாதம் தொண்ணூறு கட்டு ரப்பர் ஷீட்டை நம் கிடங்கில் ஈடாக வைத்துப் பணம் வாங்கினான். அந்தச் சரக்கைக் காட்டித்தான் நம் வட்டிக்கடை கோலாலம்பூர் பாங்கியில் பணம் எடுத்தது. சரக்கு விஷயத்தில் பல ஊர்களில் மோசடி நடந்ததால், பாங்கிக்காரர்கள் போன வருஷம் ஓர் அச்சுத்தாள் கொண்டுவந்தார்கள். பத்துக் கட்டுக்கு ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன் என்று கடை ஏஜெண்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். இங்குள்ள ஏஜெண்டுகள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். கொண்டான் கொடுத்தான் வீட்டுச் சரக்கைக் கொக்கி போட்டுக் கிழித்துப் பார்ப்பதா? அது செருப்பால் அடிப்பதற்குச் சமம் என்றுதான் நம்மவர்களுக்கு எண்ணம்.

சரக்கை இறக்கிய அன்று, நீ கொடுத்தனுப்பிய மனகோலப் பலகார டின்னோடு உன் தம்பி வந்தான். ஊர்க்கதை பேசிக்கொண்டே தின்றோம். கிடங்குக் காவல்காரன் பக்கிரிசாமி கொக்கியை எடுத்து வந்து, செட்டியாரே, பிரிக்கட்டுங்களா என்று கேட்டான். அவன் பேச்சைக் கேட்டு உன் தம்பி முகம் சுருங்கியது. நான் பக்கிரிசாமியைத்தான் அதட்டினேன். ஒரு கட்டுகூடப் பிரிக்காமல், ஒன்பது கட்டு பிரித்தேன், எல்லாம் நல்ல ரப்பர் என்று கையெழுத்துப் போட்டேன்.

மாசியில் பாங்கி கிளார்க் சின்னையா கோலாலம்பூரிலிருந்து சோதனைக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். முதல் கட்டைப் பிரித்தார். மேலே நாலு ஷீட், அதற்குக் கீழே களிமண்ணும் மரப்பட்டையும். அடுத்ததும் அப்படியே. ஐயா, நீங்கள் பிரிச்சுப் பார்த்தனீங்களோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். பயத்தில்தான் சொன்னேன், தெய்வானை. வேறு காரணம் இல்லை.

அந்த ஆமாமில்தான் பக்கிரிசாமி மாட்டிக்கொண்டான். தை மாதம் சரக்கு சரியாக இருந்தது என்று என் கையெழுத்துச் சொல்கிறது. அப்படியானால் பிறகுதான் மாற்றியிருக்க வேண்டும். பிறகு அங்கே இரவும் பகலும் இருந்தவன் யார்? போலீஸ் கணக்கு அவ்வளவுதான். அவனைப் பிடித்த வாரமே, அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி உன் தம்பி கப்பலேறினான். உனக்கு ஒரு தலைவலியும் இல்லை என்பது உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கிரிசாமி பெண்சாதி நல்லம்மாள் தினமும் காலையில் கடை வாசலில் வந்து நிற்கிறாள். சாவி வச்சிருக்கிற நீங்க ஒரு வார்த்த சொன்னா கோர்ட்டு துரை விட்டுருவாருங்களாமே, எம் புருசன் நல்லவருன்னு மட்டும் சொல்லுங்க சாமி என்கிறாள். என்னைக் கும்பிடுகிறாள். அவள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். கும்பிடுவதைத் தாங்க முடியவில்லை.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். சீர் சாமான், பந்தல், உன் தம்பி இளைத்துப்போனது எல்லாம் இருக்கிறது. ஜெயிலில் இருப்பவனைப் பற்றி ஒரு வரி இல்லை. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்க் கையெழுத்துதான். என்மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது. பதினொரு வருஷம் என் கிடங்கைக் காத்தவன் அவன்.

பதினாலாம் தேதி விசாரணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் நான் கோர்ட்டில் ஏறி, பிரிக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். முதலாளி என்னை விலக்கிவிடுவார். அதன்பிறகு எந்தக் கடையிலும் எனக்குச் சம்பளம் கிடையாது. பக்கிரிசாமி வெளியே வந்தால் நான் உள்ளே போகலாம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் செய்தி அடுத்த கப்பலிலேயே வந்துவிடும். அவர்கள் பேச்சை முறித்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்லாதே.

பழனியப்பனுக்கு ஆசீர்வாதம் எழுதக் கை வரவில்லை. எழுதவில்லை என்றே அவனிடம் சொல்.

இனி அழகம்மைக்கு. இதை நீயே அவளுக்கு வாசித்துக் காட்டு, மாமனை வாசிக்க விடாதே. ஆத்தா, நீ நூறு வருஷம் நன்றாக இரு. உன் கலியாணத்தை உன் அப்பச்சியே கெடுத்தார் என்று ஊரில் சொன்னால், ஆமாம் என்று சொல். எனக்காக மறுத்துப் பேசி அழாதே.

ராமசுப்பிரமணியன்