ஊர் கேட்காத செயலி

திருச்சுழி,
வியாழக்கிழமை

அன்புள்ள சுகந்திக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். எனக்குக் கை வரவில்லை. சாப்பிடுகிறாயா? தூங்க விடுகிறார்களா? அதை மட்டும் சொல். மில் விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் தருவார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். ஞாயிறு தவறாமல் அடித்துப் பார்க்கிறேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. நீ எடுக்கவில்லையா, உன்னிடம் தரவில்லையா என்று தெரியாமல்தான் தாளை எடுத்தேன்.

இங்கே அப்பா பருத்தி போட்டிருக்கிறார். ஒரு மழைக்கு முளைத்தது. அடுத்த மழை காரியாபட்டியோடு திரும்பிப் போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கல்லூரியில் செய்முறைத் தேர்வு முடிந்துவிட்டது. உன் பெயரை வாசித்தபோது யாரும் பதில் சொல்லவில்லை. நம் வகுப்பு சுபத்ரா மேடம் உன் பெயருக்கு நேராக எதுவும் போடாமல் அடுத்த பெயரை வாசித்தார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், சுகந்தி. உனக்குத் தெரிந்ததுதான். எந்த இடத்தில் நம் கையை விட்டுப் போனது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, கேன்டீனில் டோக்கன் கிழிப்பது, லேபைத் திறந்து பூட்டுவது என்று கல்லூரிக்குள் பிள்ளைகள் செய்கிற வேலையெல்லாம் ஆபீஸில் ஆள் தெரிந்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அதற்கு ஒரு செயலி செய்தால் என்ன என்று முதலில் கேட்டது நீ. புரோகிராம் எழுதியது நான் என்றாலும், அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது நீதான். முதல் திரையில் ரெண்டே பட்டன்: வேலை வேணும், வேலை இருக்கு. நான் பெயர், போட்டோ, முகவரி என்று கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு வந்தேன். நீ எல்லாவற்றையும் அடித்தாய். “பேரக் கேட்டா ஊரக் கேப்பாக. ஊரக் கேட்டா தெருவக் கேப்பாக. எந்தப் பீரியடு சும்மா இருக்கோம், என்ன வேலை தெரியும். அது போதும்டி” என்றாய். நான் சிரித்தேன். பதிவு எண் மட்டும் போதும், நேரம் ஒத்துவருகிறவர்களில் யார் முதலில் கேட்டார்களோ அவர்களுக்கு வேலை என்று வைத்தோம். நரிக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் சிக்னல் இருக்காது, அவர்கள் பிந்திவிடக் கூடாது என்று, நெட் இல்லாமல் அழுத்தினாலும் அழுத்திய நேரமே கணக்கில் வரும்படி செய்யச் சொன்னாய். அதை எழுதி முடிப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துபோனது.

அது வேலை செய்ததே, சுகந்தி! முதலாம் ஆண்டு பெத்தம்மாள், யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை, கேன்டீன் டோக்கன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். “யாருகிட்டயும் போயி நிக்காமலே கிடைச்சிருச்சுக்கா” என்று அவள் வந்து சொன்ன அன்றைக்கு நீ பஸ் ஸ்டாண்டு வரை பாடிக்கொண்டே வந்தாய்.

அதற்குப் பிறகுதான் ஆபீஸ் மேலாளர் இன்பராஜ் சார் நம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். திட்டுவதற்கு இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். “பொம்பளப் புள்ளைகள வேலைக்கு வைக்கிறோம். யாரு என்னன்னு ஆபீஸுக்குத் தெரிய வேண்டாமாம்மா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். பெயர், ஊர், தெரு எல்லாம் வேண்டும், ஆளை இனி ஆபீஸே தேர்ந்தெடுக்கும் என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நம்மிடம் கேட்கவில்லை, சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் லேப் டெக்னீஷியன் செயலியின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த பருவத்துக்கான வேலை வந்த காலையில் லேபில் இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். நீ கேட்டது நூலகம். உனக்கு வந்தது விடுதிக் கழிப்பறைத் துப்புரவு. சும்மா கேட்டுவைத்த எனக்கு நூலகம். பெத்தம்மாளை டோக்கனிலிருந்து எடுத்து எச்சில் தட்டு கழுவும் இடத்தில் போட்டிருந்தார்கள். துப்புரவுக்குப் போட்டிருந்த ஒவ்வொருவர் முகவரியிலும் காலனித் தெரு என்று இருந்தது. என்னால் படித்து முடிக்க முடியவில்லை. நீ மட்டும், “பட்டனு நல்லா வேலை செய்யுதுல்ல” என்றாய்.

நீ ஆபீஸுக்குள் போனாய். நான் வாசலில் நின்றேன். உள்ளே இன்பராஜ் சார் சொன்னது எனக்கும் கேட்டது. “உங்க பக்கம் பழகுன வேலைதானம்மா, சங்கடமா இருக்காதுன்னுதான் போட்டோம்.” நீ வெளியே வந்து, பையை எடுத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய் பஸ் ஏறினாய். அதன் பிறகு கல்லூரிக்கு வரவே இல்லை. மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட் வேனில் பல்லடம் போய்விட்டாய் என்று உன் தெருப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஆனால் சும்மா இருந்தது போலத்தான் எல்லாம் முடிந்தது. முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார், விசாரித்தது இன்பராஜ் சாரே. சுபத்ரா மேடம் கதவைச் சாத்திவிட்டு, “என்னையே வருசா வருசம் புதுப்பிச்சுத்தான் வச்சிருக்காங்கம்மா” என்று சொல்லி அழுதார்கள். நானே அவர்களைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். “அந்தப் புள்ள பாவந்தான் தாயி. அதுக்கு நீ எதுக்கு மல்லுக்கு நிக்குற? நாளைக்கு ஊருக்குள்ள நாந்தான் பதில் சொல்லணும்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, உனக்கே தெரியும். எனக்கு வந்த நூலக வேலையை வேண்டாம் என்றேன். அதை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவளும் எங்கள் ஆட்கள் வீட்டுப் பெண்தான்.

உன் வீட்டுக்கும் போனேன். உன் அப்பா லோடு ஏற்றப் போயிருந்தார். உன் அம்மா, “இம்புட்டுத் தூரம் வெயில்ல வந்துட்டீகளே” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்துபோய் ஒரு கலர் பாட்டில் வாங்கி வந்து, என் கண் முன்னால் மூடியைத் திறந்து கொடுத்தார்கள். வீட்டுத் தண்ணீரே போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சுகந்தி. குடித்தேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். நம் செயலிக்கு மாவட்டப் போட்டியில் பரிசு வந்திருக்கிறது. பேனரில் என் பெயரை மட்டும் போட்டார்கள். உன் பெயரைப் போடச் சொன்னேன். இடையில் நின்றவர் பெயரைப் போட விதி இல்லையாம். நான் மேடைக்கு வர மாட்டேன் என்றேன். வேறொரு பையனை அனுப்பிப் பரிசை வாங்கிக்கொண்டார்கள். இப்போது இன்னும் சில கல்லூரிகள் அதைக் கேட்டிருக்கின்றனவாம். முகவரிக் கட்டத்தோடு.

சுபத்ரா மேடம் உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து இன்னும் அடிக்கவில்லை. வருகைக் குறைவுக்கு அவர்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் நீ பரீட்சை எழுதலாமாம். வந்துவிடு. நாளைக்கே வா. கல்லூரிக்காக வர வேண்டாம், எனக்காகவும் வேண்டாம். அந்தக் கடைசிப் பருவம் உன்னுடையது. வர முடியாவிட்டால், முடியாது என்றாவது எழுது.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்,
நாகஜோதி


பல்லடம்,
ஞாயிறு

அன்புள்ள ஜோதிக்கு,

உன் கடிதம் வந்தது. வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். “யாரு புள்ள இது, இம்புட்டு எழுதியிருக்கு” என்று கேட்டார்கள். கூடப் படிச்ச புள்ள என்று சொன்னேன்.

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். பஞ்சு மூக்கில் ஏறிச் சளி பிடித்திருக்கிறது, எல்லாருக்கும் அப்படித்தானாம். அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பாஷை தெரியாது, என் தெருவும் தெரியாது. பாதி நாள் அதுவே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

போனை நான்தான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். போன் பேசுகிற இடத்தில் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள்.

நூலகம் கிடைக்கவில்லை என்பதற்காக நான் இங்கே வந்துவிடவில்லை, ஜோதி. கக்கூஸ் கழுவுவதும் வேலைதான். அம்மா டவுனில் அதைச் செய்துதான் என்னைப் படிக்க வைத்தாள். அந்த வேலைக்கு நான் போகக் கூடாது என்றுதான் படிக்க வைத்தாள். இன்பராஜ் சார் அதட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் எனக்கு உதவி செய்வதுபோலச் சொன்னார். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வேலையும் நான் வரைந்த திரையிலேயே வந்தது. பச்சைக் கலர், பெரிய எழுத்து, யாரும் பயப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தது. பெத்தம்மாள் அதைத் திறக்கும்போது என்னைத்தான் நினைத்திருப்பாள்.

நீ கேட்டதற்குப் பதில்: வர முடியாது. பரீட்சைக்கு லீவு கேட்டேன். இப்போது போனால் திரும்ப வர வேண்டாம் என்றார்கள். இடையில் விட்டுப் போகக் கூடாது என்று அப்பாவை உட்கார வைத்துப் பேசி ஏஜென்ட் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சுபத்ரா மேடத்திடம் என் பெயரை அடித்துவிடச் சொல். எனக்காக அவர்கள் வேலைக்கு ஆபத்து வர வேண்டாம். அடுத்த வருசம் தனியாக எழுதலாமா என்று மட்டும் கேட்டு வை. கேட்டு வைப்பதில் தப்பில்லை.

பேனரில் பெயர் இல்லாதது நல்லதுதான். அது இப்போது என்னுடையது இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, வேனில் வரும்போது இருந்தது. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும்தான் பேசாமல் இருந்தோம். நான் பேசியிருந்தால் என் தெருவைச் சொல்லியிருப்பார்கள். நீ பேசியிருந்தாலும் கட்டத்தை வைத்துத்தான் இருப்பார்கள்.

நீ படித்து முடித்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போவாய். இதுபோல எத்தனையோ செய்யச் சொல்வார்கள். எங்கேயாவது, யாராவது, ஊரும் தெருவும் கேட்கும் கட்டம் வை என்று சொன்னால், எதற்கு என்று வாய்விட்டு ஒரு தடவை கேள். அதற்குப் பிறகும் வைப்பதானால் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நீ கேட்டாய் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, நான் எங்கே இருந்தாலும்.

உன் அம்மாவின் முழங்கால் குணமாகட்டும். உங்கள் பருத்திக்கு மழை பெய்யட்டும். நீ நன்றாகப் பரீட்சை எழுது, ஜோதி.

இப்படிக்கு,
உன் சுகந்தி