பம்பாய்க்குப் போகாதவள்

21 ஆகஸ்ட் 2005, ஞாயிறு

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த டைரி உப்பு முதலாளி பொங்கலுக்கு அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். இத்தனை மாதம் சும்மா கிடந்ததை எடுத்து எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். வாயால் சொல்ல வராததை வேறு எங்கே வைப்பது?

விஷயம் இதுதான். மாலத்தீவில் கணக்கு டீச்சர் வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். போன ஞாயிறு சென்னையில் இன்டர்வியூ. "கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். போர்டில் ஒரு கணக்கைப் போட்டு விளக்கச் சொன்ன பிறகுதான் குரல் வந்தது. சாக்பீஸ் கையில் இருந்தால் நான் வேறு ஆள்.

அங்கே ஜனவரியில் பள்ளி திறக்கிறது. டிசம்பர் பத்துக்குள் பாஸ்போர்ட் நகல் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. ஜூலையிலேயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

அம்மா உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"தீவுன்னா? சுத்தி தண்ணியா?"

"ஆமாம்மா."

"டிசம்பர்ல சுனாமி வந்துச்சே, அது அங்க வரலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வந்துச்சும்மா" என்றேன். அம்மா கழுவிய காலையே மறுபடி கழுவினாள்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

பொம்மையார்பாளையம் போய், மெர்லின் வீட்டில் அவள் போனுக்காகக் காத்திருந்தேன். பி.எட். படித்தபோது என் பக்கத்து இருக்கைக்காரி. போன வருஷமே மாலத்தீவுக்குப் போய்விட்டாள். என் வேலை விளம்பரத்தைக் கத்தரித்து அனுப்பியவளும் அவள்தான்.

காசு ஓடுகிறதே என்று மூச்சு விடாமல் பேசினாள். "ஊறுகாய கண்ணாடி பாட்டில்ல போடாத, எவர்சில்வர்ல போட்டு டைட்டா மூடு. சாமி படம் எதையும் பொட்டில வைக்காத, முஸ்லிம் நாடு, ஏர்போர்ட்ல எடுத்துடுவாங்க. நானே ஜெபமாலைய வீட்ல வெச்சிட்டுதான் வந்தேன். குடிக்க மழைத் தண்ணிதான். ஏர்போர்ட் இருக்கற மாலேலேர்ந்து படகுல போவணும், வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வெச்சிக்கோ. டிகிரி சர்டிபிகேட் காப்பி சேத்து அனுப்பினியா? இல்லன்னா தடையில்லாம வெளிநாடு போலாங்கற இசிஎன்ஆர் முத்திரை குத்த மாட்டாங்க, கெளம்பற எடத்துலயே நிறுத்திடுவாங்க."

கடைசியாக: "போலீஸ்ல விசாரிக்க வருவாங்கடி. வீட்ல சொல்லி வை."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லி வைத்தேன். "போலீஸ்காரர் வருவாரும்மா. பாஸ்போர்ட்டுக்குத்தான், பயப்படக் கூடாது." அம்மா "ம்" என்றாள்.

13 செப்டம்பர், செவ்வாய்

போலீஸ் வரவில்லை. தபாலும் இல்லை.

24 செப்டம்பர், சனி

தெருவில் என்னமோ போல் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா அத்தை வறுத்த மீனைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாத பாப்பா, நாங்கல்லாம் இருக்கோம்" என்றது. எதற்குப் பயப்பட வேண்டும்? கேட்பதற்குள் போய்விட்டது. எதிர்வீட்டு இருசப்பன் மாமா என்னைப் பார்த்ததும், சீக்கிரம் உள்ளே போ என்பதுபோல் கையாட்டுகிறார்.

வெளிநாடு போகப்போகிறேன் என்பது தெரிந்துவிட்டதோ? அம்மா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் சொல்லவில்லை. கைக்கு வராததை ஊருக்குச் சொல்வானேன் என்று இருந்தேன்.

18 அக்டோபர், செவ்வாய்

நான் வேலை பார்க்கும் முதலியார்சாவடிப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் போனேன். போலீஸ் எஸ்.பி. ஆபீஸில் பாஸ்போர்ட் விவகாரம் பார்க்கும் கிளார்க் என் காகிதத்தைத் தேடி எடுத்தார். படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பொன்னிங்கறது நீதானாம்மா?"

"ஆமா சார்."

"நீ ஊர்லயே இல்லியேம்மா. கண்ணாலம் கட்டிக்கினு பம்பாய் போயிட்டேன்னு அக்கம்பக்கத்துல சொல்லியிருக்காங்க. எந்த விலாசம்னும் தெரியாதாம்."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் யோசித்திருப்பார் போல, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்றார்.

மறுவிசாரணைக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். அங்கேயே எழுதினேன். மறுபடி ஆள் வரும்போது வீட்டுப் பெரியவர் ஒருவர், அக்கம்பக்கத்தில் இரண்டு பேர், நான் இங்கேதான் குடியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முடிந்தது.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பம்பாயா? நானா? பாண்டிச்சேரி கடைத்தெருவில் வழி கேட்கவே எனக்கு வாய் வராது.

19 அக்டோபர், புதன்

சாயங்காலம் சின்னப்பாப்பா அத்தை வீட்டுக்கு நேராகப் போனேன். இருசப்பன் மாமாவும் அங்கே இருந்தார். விழுப்புரத்தில் நடந்ததைச் சொன்னேன். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, நம்பிட்டானுங்க! மஃப்டில வந்தாலும் ஷூவப் பாத்தா தெரியாது? பொன்னின்னு ஒரு பொண்ணு இருக்கான்னு கேட்டான். அப்படி யாரும் இல்லன்னேன். இருந்துச்சேன்னான். இருந்துச்சு, போயிடுச்சுன்னேன்."

"பம்பாய் நான் சொன்னது" என்றார் மாமா. "மெட்ராஸுன்னா போய்த் தேடுவான். பம்பாய்னா விட்டுடுவான்."

அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? மூன்று வருஷத்துக்கு முன் உப்பளத்தில் கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்தபோது, போலீஸ் இந்தத் தெருவுக்குள் வந்து பெயர் பெயராய்க் கேட்டது. சொன்ன பெயரெல்லாம் ஜெயிலுக்குப் போனது. மாமாவும் போனார். அதிலிருந்து இந்தத் தெருவில் போலீஸ் யார் பெயரைக் கேட்டாலும் அந்த ஆள் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். நான்தான் மறந்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, தெருவிடம் சொல்லாமல் விட்டேன்.

"அது பாஸ்போர்ட்டுக்கு வந்தவர் அத்தை. வெளிநாட்டு வேலைக்கு. நீங்க வந்து நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லணும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "போலீஸுக்குப் பொய் சொன்னோம்னு நாங்களே போய்ச் சொல்றதா? ஏம்மா, மறுபடி உள்ள போவச் சொல்றியா?"

கிளம்பும்போதுதான் அத்தை அதைச் சொன்னது. தன்மேல் மட்டும் பழி வரக் கூடாது என்ற அவசரத்தில். "எங்கள மட்டும் சொல்றியே. உங்கம்மா வாசல்லதான் நின்னுச்சு. நெசமாம்மான்னு அவன் கேட்டான். ஆமான்னு தலையாட்டிச்சே!"

20 அக்டோபர்

அம்மாவிடம் கேட்கவில்லை.

23 அக்டோபர்

கேட்கவில்லை. அம்மா பயந்திருப்பாள். தெருவே ஒன்றைச் சொல்லும்போது தனியாக மாற்றிச் சொல்ல முடியுமா? அப்படித்தான் இருக்கும்.

ஆனால் நான் சொல்லி வைத்திருந்தேனே. பாஸ்போர்ட்டுக்குத்தான் என்று சொன்னேனே.

3 நவம்பர், வியாழன்

தீபாவளியிலிருந்து மழை. உப்பளம் முழுக்க ஏரி மாதிரி நிற்கிறது. வேலை இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஒரே அறையில் நானும் அம்மாவும். ஒழுகிற இடத்தில் குண்டான் வைத்துக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் இல்லை.

"அன்னிக்கு வந்தது பாஸ்போர்ட்டுக்குன்னு தெரியாதாம்மா உனக்கு?"

"தெரியும்."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பினேன்.

"தெரிஞ்சுதான் தலையாட்டினேன். உங்கப்பன அனுப்பிட்டேன். நீயும் தண்ணிக்கு நடுவுல போயி ஒக்காந்துக்க. நான் இங்க எவ மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கறது?"

அப்பா செத்தது காய்ச்சலில். நான் பத்தாவது படிக்கும்போது. அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் வேறு ஒன்று சொன்னேன். சொல்லக் கூடாததைச் சொன்னேன். "அப்போ எதுக்கும்மா என்னப் படிக்க வெச்ச? உன்கூட உப்பு வாரவே விட்டிருக்கலாம்ல?"

அம்மா நிறைந்த குண்டானை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்து அதே இடத்தில் வைத்தாள்.

சாப்பிடவில்லை இரண்டு பேரும். ஏன்மா இப்படிப் பண்ண? என்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நேரா சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலியே. நின்னிருப்பேனோ?

10 நவம்பர், வியாழன்

மறுபடி விழுப்புரம். என் மனு அடியில் கிடந்தது. "மழையாச்சேம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார் கிளார்க். வழக்கமாக நான் "சரி சார்" என்று திரும்பிவிடுவேன். இன்று திரும்பவில்லை. "டிசம்பர் பத்துக்கு மேல அந்தப் பாஸ்போர்ட் எனக்கு வேணாம் சார்" என்றேன். சத்தமாகவே வந்தது. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கையில் சாக்பீஸ்கூட இல்லை.

அவர் அதிகாரியிடம் எடுத்துப்போனார். அடுத்த வாரம் ஆள் வருவார்.

வந்ததும் மாமாவிடமும் அத்தையிடமும் கேட்டேன். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாவிடம் கேட்கவில்லை, ஆள் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மா தலையாட்டவும் இல்லை.

16 நவம்பர், புதன்

வந்தார். மஃப்டியில், அத்தை சொன்ன அதே ஷூவோடு.

சின்னப்பாப்பா அத்தை தலை குளித்து, நல்ல புடவை கட்டி, முதல் ஆளாக வந்து நின்றது. "நான் வயசானவ சார், கண்ணு சரியாத் தெரியாது" என்று அவர் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாதம் முன்புதான் ஷூவைப் பார்த்துக் கண்டுபிடித்த கண்.

இருசப்பன் மாமா வர மாட்டார் என்றே நினைத்தேன். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையோடு வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"பம்பாய்னு சொன்னது யாருய்யா?"

"நான்தாங்க."

"இப்ப இங்க நிக்குதே?"

"திரும்பி வந்துடுச்சுங்க."

"அப்ப கல்யாணம்?"

மாமா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது நடக்கலிங்க."

அந்த மனிதருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீதான அன்னிக்குத் தலையாட்டினது? இப்ப என்னம்மா சொல்ற? பொண்ணு இங்க இருக்கா இல்லியா? வெளிநாடு போறதுல உனக்குச் சம்மதமா?"

அம்மா முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். அவர் பேனாவை மூடப் போனார். இதோ, இப்போது தலையாட்டப் போகிறாள், எந்தப் பக்கம் ஆட்டினாலும் —

"எனக்குச் சம்மதம் இல்ல சார்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"சம்மதம் இல்ல. அத நான் அவகிட்ட சொல்லிக்கிறேன். ஆனா பொறந்ததுலேர்ந்து அவ இங்கதான் இருக்கா. ஒரு நாள் எங்கயும் போனதில்ல. அன்னிக்கு நான் ஆட்டினது பொய்யி. அத எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார். அம்மா கைநாட்டு வைத்தாள். மாமா தன் பெயரை எழுத்துக் கூட்டி, மூச்சுப் பிடித்து எழுதினார். போலீஸ்காரர் போனதும் அத்தை, "மாப்ள பேரக் கேக்காம விட்டானே, அதுவரைக்கும் பொழச்சோம்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா உள்ளே போய்விட்டாள்.

7 டிசம்பர், புதன்

பாஸ்போர்ட் வந்தது. இசிஎன்ஆர் முத்திரை இருக்கிறது. பாண்டிச்சேரி போய் நகலை ஃபேக்ஸில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்று போனிலும் கேட்டுக்கொண்டேன். சேர்ந்தது.

26 டிசம்பர், திங்கள்

ஒரு வருஷம். ஊரே கடலுக்குப் போய்ப் பால் ஊற்றியது. அம்மா மணலுக்கு இறங்கவில்லை. ரோட்டிலேயே நின்று பார்த்தாள். அவள் பக்கத்தில் நானும் நின்றேன். கடல் குளம் மாதிரி இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதை அவளிடம் சொன்னால் போக வேண்டாம் என்பாள் என்று இத்தனை நாளும் சொல்லவில்லை. இன்று சொன்னேன். "எனக்கும் பயந்தாம்மா."

"தெரியும்" என்றாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

3 ஜனவரி 2006, செவ்வாய்

வருஷம் முடிந்தும் டைரியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளை மறுநாள் விழுப்புரத்தில் ரயில். திருவனந்தபுரத்திலிருந்து சனிக்கிழமை விமானம்.

உப்பளத்தில் தண்ணீர் வடிந்து, பாத்தியைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்த ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா இன்னும் போகவில்லை. எலுமிச்சை ஊறுகாயை எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி அழுத்திப் போட்டுக்கொண்டிருக்கிறாள். சம்மதம் இல்லை என்பதை அவளும் மாற்றிச் சொல்லவில்லை; நானும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. மாமா பெட்டியைத் தூக்கி வந்து ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

டிக்கெட் எடுக்கும்போது கவுன்ட்டரில் "ஒண்ணா?" என்று கேட்டார்கள். இரண்டு என்றேன். இது யாருக்கும் தெரியாது. கிளார்க்கிடம் கேட்டேன், அதிகாரியிடம் கேட்டேன், தெருவிடம் கேட்டேன். இவளிடம் கேட்க மட்டும் இத்தனை நாள்.

இந்த வரியை எழுதி முடித்ததும் எழுந்து போய்க் கேட்கப் போகிறேன். தப்பில்லாமல் வர வேண்டுமே என்று இங்கே ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்.

அம்மா, நீ சரின்னு சொல்ல வேணாம். வேணாம்னே சொல்லிக்கினு வா. திருவனந்தபுரம் வரைக்கும் என்கூட வரியாம்மா?