அந்தோணியை எழுப்பிவிட்டார்கள், அண்ணா

என் பிரியமுள்ள சவரி அண்ணாவுக்கு,

மேலே இருந்து பார்த்திருந்தால் நீங்களே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் போர்க்கால நாவலை நாடகமாக்கி, போன ஞாயிறு பிற்பகல் கண்டியில் நம் கோவில் மண்டபத்தில் போட்டோம். முன்னால் கதிரைகளில் உத்தியோகத்தர்கள், பின்னால் பாயில் தோட்டத்துச் சனங்கள். நிற்கக்கூட இடமில்லை. நாடகம் வெற்றி என்று ஊரே சொல்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

அந்தோணி சாகிற இடம் நினைவிருக்கிறதா? எழுதியவரிடமே கேட்கிறேன் பாருங்கள். பஸ்ராவுக்கு அப்பால் அந்த மணலில், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தண்ணீர் சுமக்கிற அந்தோணி விழுகிறான். ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போகிறான். கூட வந்தவர்கள் அவன் தண்ணீர்த் தோல்பையை எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் போரில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு திரும்பிய நீங்கள், கடைசி மாதங்களில் இருமிக்கொண்டே என்னிடம் வாக்கு வாங்கினீர்கள்.

"யாராவது இத மேடையில போட்டா, அந்தோணி வாயில பாட்ட மட்டும் வைக்க விடாத மரியம்மா. அங்க பாடுறதுக்கு எவனுக்கும் மூச்சு இல்ல."

நான் வைக்கவில்லை, அண்ணா. சத்தியமாக வைக்கவில்லை. நாடகத்தை எழுதியதும் நான்தான், ஒத்திகை பார்த்ததும் நான்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுகிற மாதிரி ராஜபார்ட் வேலாயுதத்தை அதட்டி வைத்திருந்தேன். அவரும் அன்றைக்குப் பேசாமல்தான் விழுந்தார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அண்ணா ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார்!

ராஜபார்ட் செத்தால் ஒரு பாட்டு உண்டு. வருஷக்கணக்காக அவர் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. செத்துக் கிடந்த வேலாயுதத்துக்கும் சுருதியைக் கேட்ட பிறகு படுத்திருக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, வேறு ஏதோ நாடகத்தில் மகனைப் பிரிகிற ராஜா பாடும் புலம்பலைப் பாடி முடித்து, மறுபடி செத்தார். பாயிலிருந்து ஒரு பெண்குரல் "ஒன்ஸ் மோர்!" என்று கத்தியது. பெண்பிள்ளையா கத்துகிறாள் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் மண்டபமே கத்தியது. விடுவாரா மனுஷன்? எழுந்தார், பாடினார், செத்தார். மறுபடியும் ஒன்ஸ் மோர். நான் திரைக்குப் பின்னால் நின்று "படுங்க, படுங்க" என்று தொண்டை கிழியக் கத்தியது யார் காதில் விழுந்தது?

"சனம் கேட்டா எந்திரிக்காம கெடக்கிறது மரியாதையா, டீச்சரம்மா?" என்று அப்புறம் என்னையே கேட்கிறார்.

முன்கதிரையிலிருந்த யாழ்ப்பாணத்துப் பெரிய கிளாக்கர் ஐயா வந்து, "ஓம் பிள்ளை, பாட்டு திறம். ஆனா ஒரு தண்ணிக்காரனைப் போய்க் கதாநாயகனாக்கியிருக்கிறியள். ஒரு கப்டனா ஆக்கியிருக்கலாமே?" என்றார். கம்பளையில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் முதலாளிக்கோ வாயெல்லாம் பல். "அடுத்த மாசம் நம்ம ஊர்லயும் போடுங்க தங்கச்சி. அந்த மவுத்தாகுற பாட்டு மட்டும் கொறையக் கூடாது. நம்ம ஆளுங்க அதுக்குத்தான் வருவாங்க."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். செத்தவனைக்கூடச் சும்மா படுக்க விடாத இந்தச் சனத்துக்கு எதற்கு நாவல், எதற்கு நாடகம்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். வாசலில் ஒரு பெண் காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து வந்தவர். வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, முதலில் கத்தியது இந்தக் குரல்தான். இருந்த கோபமெல்லாம் அவர் மேல் பாய்ந்தது.

"ஏம்மா, ஒரு மனுசன் சாகுறது உங்களுக்கு வேடிக்கையா?"

"கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. எங்க வீட்டுக்காரரும் அந்தச் சண்டைக்குத்தான் சொமை தூக்கப் போனாரு. செத்துட்டாருன்னு தொரை சொன்னாரு, அதோட சரி. எப்படிச் செத்திருப்பாருன்னு இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அந்த ஆளு எந்திரிச்சிட்டாரு. கத்தாம எப்படிங்க இருக்கிறது?"

இதைக் கேட்டிருந்தால், அண்ணா, நீங்கள்தான் என்ன சொல்லியிருப்பீர்கள்? சாவை உள்ளது உள்ளபடி எழுதிவிட்டீர்கள், சரி. அதைப் பார்க்கிற பெண்டாட்டிமாரை என்ன செய்வது என்று எழுதாமல் போய்விட்டீர்களே. உங்கள் மேலும்தான் எனக்குக் கோபம்.

கம்பளைக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த இடம் வரும்போது ஆர்மோனியத்தை மூடிவைத்து, அதன் பக்கத்தில் நானே உட்கார்ந்திருப்பேன். அந்தோணி வாயில் பாட்டு வராது. உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். ஆனால் அந்த அம்மா கம்பளைக்கும் வருகிறாராம். அவர் கூப்பிட்டால் வேலாயுதம் எழுந்திருப்பார். பாட மாட்டார், சும்மா எழுந்து நிற்பார். அதை நான் தடுக்க மாட்டேன் என்று அந்த அம்மாவுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உங்களை அப்படி ஒரு தரம் கூப்பிட வழியில்லாத
உங்கள் தங்கை,
மரியம்மா